மூன்று தரம் செத்த ராஜா

குரு என்றால் காவி கட்டிக்கொண்டு மரத்தடியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்ன? திருச்சிராப்பள்ளி செவ்வந்திலிங்கம் பிள்ளைக்குக் குரு தபாலில் வந்தார்.

அது விக்டோரியா ராணியின் காலம். சென்னப்பட்டணத்தில் 'ஜகத் தர்ப்பணம்' என்ற வாரப் பத்திரிகையை நடத்தி வந்தவர் மாசிலாமணி முதலியார். பிள்ளை தம் ஊருக்கு வரும் நாடகங்களைப் பார்த்து அந்தப் பத்திரிகைக்கு விமரிசனம் எழுதுவார். முதன்முதலில் அவர் பதினொரு தாள் எழுதி அனுப்ப, முதலியார் நாலு வரி போட்டார். "மீதியை வீட்டில் வாசித்துக்கொள்ளும்" என்று ஒரு கார்டும் வந்தது.

பிள்ளைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்த நாலு வரியை எடுத்துப் படித்தார். நன்றாகத்தான் இருந்தது. அன்று முதல் முதலியாரே குரு. குருவுக்குச் சீடரைவிட மூன்று வயது குறைவு. இருவரும் ஒருவரையொருவர் கண்ணால் கண்டதும் இல்லை. பிள்ளை அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை.

அந்த வருஷம் ஒரு நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போட்டது. ராஜா வேஷம் அங்கமுத்து. நாலாம் அங்கத்தில் மந்திரி ராஜாவைக் குத்துவான். ராஜா பெற்ற தாயை நினைத்து ஒரு பாட்டுப் பாடி உயிரை விடுவார். கொட்டகை முழுவதும் அழுதது. அழுத கையோடு "ஒன்ஸ்மோர்!" என்று கத்தியது.

ராஜா எழுந்தார், பாடினார், செத்தார். மறுபடியும் ஒன்ஸ்மோர். இந்தத் தரம், உள்ளே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மந்திரி வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து குத்தினான்.

பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? மனுஷன் மனமுருகி அழுத கண்ணீர் கன்னத்தில் காய்வதற்குள் பிணம் எழுந்து சபைக்குக் கும்பிடு போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"செத்த பின் எழுந்து பாடுவது பேய்க்குத் தகும், ராஜாவுக்குத் தகாது. மானமுள்ள கம்பெனி இப்படிப்பட்ட நடிகனை ஒரு நாளும் வைத்துக்கொள்ளாது" என்று எழுதினார். முதலியார் அப்படியே பிரசுரித்தார்.

கம்பெனி முதலாளி ஒன்ஸ்மோரைக் கேட்டுப் பூரித்துப் போனவர்தான். ஆனாலும் பத்திரிகையில் வந்துவிட்டதே என்று பயந்து, அந்த வாரமே அங்கமுத்துவை வெளியே அனுப்பினார்.

மறுநாள் காலையில் அங்கமுத்து பிள்ளையின் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, நான்தான் அந்தச் செத்த ராஜா."

"என்ன வேணும்?"

"போன வருஷம் கரூர்ல ஒன்ஸ்மோர் கேட்டாங்க. செத்தவன் எப்படி எந்திரிக்கிறதுன்னு படுத்தே கிடந்தேன். செருப்பு வந்து விழுந்துச்சு. முதலாளி கன்னத்துல அறைஞ்சாரு. இந்த வருஷம் எந்திரிச்சேன். நீங்க வேலையவே பிடுங்கிட்டீங்க. நான் என்னதான் செய்யணும்? சொல்லுங்க, செய்யறேன்."

"மாட்டேன்னு சொல்லணும். ஊரே கத்தினாலும் மாட்டேன்னு படுத்துக் கிடக்கணும். அதுக்குப் பேருதான் மானம்."

"நீங்க கிடப்பீங்களா?"

"நான் என்ன கூத்தாடியா?"

அங்கமுத்துவின் முகம் கறுத்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். போகும்போது கும்பிடவில்லை.

கும்பிடாமல் போனதுதான் பிள்ளைக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது. உடனே உட்கார்ந்து குருவுக்கு எழுதினார். நடந்ததையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"ஜனங்கள் கேட்டாலும் மாட்டேன் என்கிற தைரியம் ஒருவனுக்கு எப்படி உண்டாகும்? அப்படிப்பட்டவன் ஒருவனாவது இந்தத் தேசத்தில் உண்டா? தாங்கள்தான் தெரிவிக்க வேண்டும்."

பதில் வரவில்லை. அடுத்த இதழ் வந்தது. பிரித்தால் அதே விமரிசனம், அதே பக்கத்தில்! தலைப்புக்கு மேலே, "வாசகர் பலர் கேட்டுக்கொண்டபடி மறுபடியும் பிரசுரிக்கப்படுகிறது" என்று போட்டிருந்தது.

பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு, பத்திரிகையும் கையுமாகக் கடைத்தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"போன வாரம் வந்ததுதானே இது?" என்றார் புகையிலைக் கடைக்காரர்.

"அதுதான் ஓய் விசேஷம். ஜனங்க கேட்டு வாங்கிப் படிக்கிறாங்க."

வீட்டுக்கு வந்தால் ஒரு கார்டு காத்திருந்தது. "இன்னும் பலர் கேட்டு எழுதுகிறார்கள். மூன்றாம் தரமும் போடலாமா? உம்முடைய இஷ்டம். மாசிலாமணி."

பிள்ளை அன்றைய தபாலிலேயே பதில் போட்டார். "ஆட்சேபம் இல்லை. ஜனங்களுக்கு நல்லது கெட்டது தெரிந்திருப்பது கண்டு மிகவும் சந்தோஷம். புதிதாக நாலு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறேன். முன்னதைவிடக் காரமாக இருக்கும்."

மூன்றாம் தரம் பிரசுரமாகவில்லை. கடிதம்தான் வந்தது.

"ஐயா,

அங்கமுத்து நேற்று நம்முடைய அச்சுக்கூடத்துக்கு வந்திருந்தான். பட்டணத்துக் கம்பெனிகளும் அவனை வேண்டாம் என்றுவிட்டனவாம். திருச்சிராப்பள்ளியில் நடந்தது முதல் தரம் போட்டபோது அவர்கள் கண்ணில் படவில்லை. நான் இரண்டாம் தரம் போட்டதைப் படித்துத் தெரிந்துகொண்டார்களாம். வாயில் வந்தபடி என்னை ஏசினான். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

ஜனங்கள் கேட்டும் மாட்டேன் என்கிறவன் ஒருவனாவது உண்டா என்று கேட்டிருந்தீர். தேடிப் பார்த்தேன். அங்கமுத்து கரூரில் ஒரு தரம் படுத்துக் கிடந்து பார்த்தான்; அறை வாங்கிய பின் அவனும் அப்படிப்பட்டவன் இல்லை. நாலு வரி கூட்டி அனுப்பிய நீரும் இல்லை. கேட்டார்களே என்று மறுபடி அச்சுக் கோத்த நானும் இல்லை.

மூன்று பேரில் ஒருவனுக்கு மட்டும் வேலை போயிருக்கிறது. மற்ற இரண்டு பேரை என்ன செய்யலாம் என்று எழுதி அனுப்பும். இதைக் கேட்டு ஒரு வாசகரும் எழுதவில்லை. ஆனாலும் போடுகிறேன்."