குஞ்சிதபாதத்தின் கீரைப் பாத்தி

"அம்மா, அந்தப் பூனைக்கு ஒரு வழி சொல்லுங்க. ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

மடத்து வாசலில் நின்று இப்படிக் கத்தியவர் குஞ்சிதபாதம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அம்மா என்று கூப்பிட்ட ஞானாம்பிகைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். இருந்தால் என்ன, குரு குருதான்.

அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"பூனை என்ன பண்ணிச்சு?"

"கொல்லையில கீரைக்குப் பாத்தி போட்டிருக்கேன். தெனம் வந்து அதுல வெளிக்கிருந்துட்டுப் போகுதும்மா!"

"விரட்டலையா?"

"விரட்டாமயா? முள்ளு வெட்டி வேலி கட்டினேன். வேலிக்கு மேலயே நடந்து வருது. மிளகாப்பொடி தூவினேன். தும்மினது நான்தான். ஆரஞ்சுத் தோல் போட்டா, அதை ஓரமாத் தள்ளிட்டு உக்காருது, கழுத!"

அம்மா சிரிக்கவில்லை. "ஒரு பூனைக்கா இவ்வளவு கோபம்?" என்றார்.

குஞ்சிதபாதத்தின் குரல் இறங்கிவிட்டது.

"என் வீட்டுக்காரி வடிவு சாகறதுக்கு முன்னாடி எடுத்து வெச்ச தண்டுக்கீரை விதைம்மா. ஒரே ஒரு டப்பா. நாளாக ஆக விதை செத்துப்போகும். இது போச்சுன்னா, அவ வந்து இன்னொரு டப்பா எடுத்துத் தரப்போறாளா?"

மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, உங்க வீட்டுக்குப் போய்ப் பாத்தியைப் பாப்போம்."

சும்மா சொல்லக்கூடாது, பாத்தி என்றால் அப்படியொரு பாத்தி. மாவுச் சல்லடையால் சலித்த மண். ஒரு கல் கிடையாது, ஒரு புல் கிடையாது. பூனை அசிங்கம் பண்ணப் பண்ண, அள்ளி எறிந்துவிட்டு மறுபடி சலித்து, உள்ளங்கையால் தடவித் தடவிச் சமம் பண்ணுவார்.

"செருப்பைக் கழட்டுங்க," என்றார் அம்மா.

"எதுக்கும்மா?"

"நீங்க இப்போ பூனை. அவசரமா வருது. எங்க போவீங்க?"

"என்னம்மா, இந்த வயசுல என்னை வெச்சு விளையாடறீங்க!"

அம்மா கொல்லையை நோக்கிக் கையைக் காட்டினார். வேறு வழியில்லை. குஞ்சிதபாதம் நடந்தார்.

தென்னை மரத்தடியில் சரளைக்கல் குத்தியது. கிணற்றடியில் சேறு. கத்தரிச் செடிகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. பாத்தியில் கால் வைத்தார். கால் மெத்தென்று இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"இங்க... சொகமா இருக்கும்மா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கத்தரிக்கு நடுவுல பூனை வராதா?"

"அங்க எப்படி வரும்? செடி அடைச்சுக்கிட்டு நிக்குது. தெனம் தண்ணி வேற விடறேன்."

"இதுல எப்போ விதைச்சீங்க?"

குஞ்சிதபாதம் குனிந்து, இல்லாத ஒரு கல்லைத் தேடினார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"இன்னும் விதைக்கலைம்மா. பூனையை ஒழிச்சுக் கட்டிட்டுத்தான் விதைப்பேன்னு இருக்கேன். இருக்கறது ஒரே டப்பாதானே."

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது வருஷம் நடக்குது."

அப்போது வேலிமேல் ஒரு சாம்பல் நிறப் பூனை தலை காட்டியது. குதித்தது. இருவரையும் ஒரு பொருட்டாகவே நினைக்காமல் நேரே பாத்தியைப் பார்த்து நடந்து வந்தது.

"தள்ளி நில்லுங்க," என்றார் அம்மா. "பாத்திக்காரர் வர்றார்."

குஞ்சிதபாதத்துக்குச் சுரீரென்றது. அவர் நகரவில்லை. பாத்தி நடுவிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். பூனை நின்று பார்த்தது.

"அம்மா," என்றார் அவர், பூனையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொல்லைக் கோடியில ஆத்து மணல் கிடக்கு. ரெண்டு கை அள்ளிட்டு வாங்க. கீரை விதையைத் தனியாத் தூவக்கூடாது, மணல்ல கலந்துதான் தூவணும்."

குரு மணல் அள்ளப் போனார்.