துரைக்கண்ணு உள்ளே வந்த கதை

பத்தடி நடந்து உள்ள வரத் தெரியாம ஒரு மனுஷன் பத்து நாள் தவிச்சானான்னு கேக்கிறியே, தவிச்சான்னுதான் சொல்றேன். நீ சிரிச்சாலும் தவிச்சான். ரயில்வே காலனி இன்ஸ்டிட்யூட் மேடையை அளந்து வேணா பாத்துக்கோ. பக்கப் படுதாவுலேருந்து நடு மேடைக்குப் பத்தடிதான்.

தவிச்சவன் துரைக்கண்ணு. பட்டறையில ஃபிட்டர். நாடகம் எழுதுவான்.

தவிக்க வச்சவ கோகிலாம்பா. ஊர் ஊராப் போன நாடகக் கம்பெனியில பதினாறு வருஷம் நடிச்சவ. கம்பெனி கலைஞ்சதும் காலனிக்கு வந்து தையல் மிஷினைப் போட்டு உக்காந்துட்டா. துரைக்கண்ணுக்கு ரெண்டு வயசு இளையவதான். ஆனா அத்தனை ஆம்பளைங்களும் வாத்தியாரம்மான்னுதான் கூப்பிடுவாங்க. அவகிட்ட பாடம் கேக்காம எவனும் மேடை ஏற மாட்டான்.

அந்த இன்ஸ்டிட்யூட்டை நீ பாத்திருக்கணும்! பட்டறைச் சங்கு ஊதினதும் எண்ணெய்க் கையோடவே ஒத்திகைக்கு ஓடி வருவாங்க. அரண்மனைப் படுதா ஒண்ணு உண்டு. அதுல இருந்த மயிலுக்கு மூணு காலு. வரைஞ்ச பெயிண்டர் சபாபதி, ஒண்ணு வாலுன்னு கடைசி வரைக்கும் சாதிச்சான். ஒரு நாள் ராஜா வேஷக்காரன் வசனத்தை மறந்துட்டு, மயிலைக் காட்டி, "மந்திரி, இதற்கு எத்தனை கால்?"னு கேட்டான் பாரு, ஜனம் சிரிச்சு அடங்க அரை மணி நேரமாச்சு.

அது கெடக்கட்டும். துரைக்கண்ணு புதுசா எழுதின நாடக நோட்டைக் கோகிலாம்பா முன்னால கொண்டுவந்து வச்சான்.

"ஆண்டு விழாவுக்கு இதைத்தான் போடணும் வாத்தியாரம்மா."

சட்டைக்குப் பொத்தான் தச்சுக்கிட்டே படிச்சா.

"இது உன் வீட்டுக் கதையில்ல?"

"ஆமா. காலனி மொத்தமும் பாக்கணும். அவன் முன் வரிசையில உக்காந்து பாக்கணும்."

அவன்னா தம்பி சிங்காரம். ரெண்டு தெரு தள்ளித்தான் குவார்ட்டர்ஸ். ஒன்பது வருஷமாப் பேச்சு இல்ல.

அம்மா எட்டு மாசம் படுக்கையில கெடந்தா. அள்ளிக் கொட்டினதெல்லாம் துரைக்கண்ணும் அவன் பொஞ்சாதியும். சிங்காரத்துக்கு அப்போ வெளியூர் பட்டறையில வேலை. தந்தி அடிச்சும் வரல. எல்லாம் முடிஞ்ச மூணாம் நாள் வந்து நின்னான், புதுச் சட்டை போட்டுக்கிட்டு. அந்தச் சட்டையைப் பாத்ததோட சரி, துரைக்கண்ணு மொகத்தைத் திருப்பிக்கிட்டான். அப்புறம் தம்பி மாத்தலாகி இங்கயே வந்தும் திரும்பல.

நாடகத்துல அந்தத் தம்பி வருவான். அண்ணன் நாலு பக்கத்துக்குத் திட்டுவான். தம்பி கால்ல விழுவான். படுதா.

"குறை ஏதாவது இருக்கா?"

"இல்ல. நீ தம்பி வேஷம் கட்டு."

"நானா? அந்தப் பயலாவா? அண்ணன் வேஷம் எனக்குன்னே எழுதினது!"

"அதை நீ ஒன்பது வருஷமா நடிச்சாச்சு. தம்பியைக் கட்டுறதா இருந்தா நடத்தித் தர்றேன். இல்லாட்டி நோட்டை எடுத்துட்டுப் போ."

சிங்காரம் முன் வரிசையில தலை குனிஞ்சு உக்காந்திருக்கிறதை மனசுல பாத்தாச்சே, விட முடியுமா? ஒத்துக்கிட்டான்.

மொத நாள் ஒத்திகையில, துரைக்கண்ணு படுதாவுலேருந்து வந்தான்.

"நில்லு. எங்கேருந்து வர்றே?"

"இந்தா, படுதாவுக்குப் பின்னாலேருந்து."

"போய்ட்டு வா."

ரெண்டாம் நாள்.

"எங்கேருந்து வர்றே?"

"ரயில்லேருந்து."

"ரயில் ஏறுறதுக்கு முன்னாடி? போய்ட்டு வா."

மூணாம் நாள் அவனுக்கு ஆத்திரம் வந்துடுச்சு.

"கல்யாண வீட்லேருந்து வர்றேன்! பெத்தவ செத்தது தெரிஞ்சும் பந்தியில உக்காந்து தின்னுட்டு வர்றேன்! போதுமா?"

மத்தவங்க கை தட்டினாங்க. கோகிலாம்பா தட்டல.

"இந்த எடத்துல நோட்டுல என்ன எழுதியிருக்கே, படி."

படிச்சான். "தம்பி வாசலில் நிற்கிறான். செருப்பை மெதுவாகக் கழற்றுகிறான். தூணைப் பிடித்துக்கொள்கிறான்."

"பந்தியிலேருந்து வர்றவன் எதுக்குத் தூணைப் பிடிக்கிறான்?"

"அவன் பிடிச்சான். நான் கண்ணால பாத்தேன்."

"பாத்தே. சரி. எங்கேருந்து வந்தான்?"

துரைக்கண்ணு நோட்டை மறுபடி பொரட்டிப் பாத்தான்.

"போய்ட்டு வா."

வீம்புக்காரி அவ. கம்பெனியில அவளோட மொத வேஷம் சொம்பு கொண்டுவந்து வைக்கிற வேலைக்காரி. வசனமே கிடையாது. அதுக்கே, தண்ணி எந்தக் கெணத்துல மொண்டதுன்னு தெரியாம மேடை ஏற மாட்டேன்னு நின்னாளாம். முதலாளி அடிக்கவே வந்துட்டாராம்.

நாள் ஓடுச்சு. சாராயக் கடையிலேருந்து வந்து பாத்தான். சினிமாக் கொட்டகையிலேருந்து வந்து பாத்தான். எதுலேருந்து வந்தாலும் அந்தத் தூணுகிட்ட வந்ததும் கை பொய்யாப் போச்சு. அவனுக்கே தெரிஞ்சுது.

அண்ணன் வேஷம் மாசிலாமணிக்கு. பாய்லர் ஷாப்புக்காரன், வாய் சும்மா இருக்காது.

"துரை, நீ உள்ள வந்தாதானய்யா நான் திட்டுறது? நாலு பக்கத் திட்டும் வாயிலயே ஊறிப் போச்சு. ராத்திரி சோறு போட வந்த பொஞ்சாதியைத் திட்டிட்டேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. துரைக்கண்ணு சிரிக்கல.

பத்தாம் நாள் படுதா அசையவே இல்ல.

"என்ன, வரலையா?"

உள்ளேருந்து குரல் மட்டும் வந்துச்சு. "வரத் தெரியல வாத்தியாரம்மா."

"யாருக்குத் தெரியும்?"

அப்புறம் பின்பக்கக் கதவு தொறந்து மூடுச்சு.

மறுநாள் ஞாயித்துக்கெழமை. காலையில ஒத்திகைக்கு எல்லாரும் கூடியாச்சு, துரைக்கண்ணைக் காணோம். தேடச் சொல்லுவாளோன்னு மாசிலாமணி எழுந்திரிச்சான். கோகிலாம்பா ஊசியில நூல் கோத்துக்கிட்டே, உக்காருன்னு கை காட்டினா.

துரைக்கண்ணு ரெண்டு தெரு தள்ளி நின்னுக்கிட்டிருந்தான்.

சிங்காரம் வாசல்ல சைக்கிளைக் கவுத்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருந்தான். நிமிந்து பாத்தான். எழுந்திரிக்கல.

நாலு பக்கமும் மனப்பாடம் துரைக்கண்ணுக்கு. எழுதினவனே அவன்தானே. ஒரு வரி வாயில வரல.

"டேய்."

சிங்காரம் பாத்துக்கிட்டே இருந்தான்.

"அன்னைக்கு நீ எங்கேருந்துடா வந்தே?"

எண்ணெய்க் குப்பி கையிலேருந்து சாஞ்சு மண்ணுல ஊத்துச்சு. சிங்காரம் அதை நிமித்தல.

"இதைக் கேக்க ஒன்பது வருஷமாச்சாண்ணே?"

"ஆச்சுடா."

"நின்னுக்கிட்டே கேட்டு முடியாதுண்ணே. ரொம்ப தூரம்."

ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டிருந்த சிங்காரம் பொஞ்சாதி, முந்தானையால மொகத்தைத் தொடச்சுக்கிட்டு உள்பக்கம் திரும்பி ஒரே கத்தாக் கத்தினா.

"அடியே தமிழரசி! பெரியப்பா வந்திருக்காரு! பரண்லேருந்து அந்தப் பெரிய பாயை எடுத்துக் கூடத்துக்குக் கொண்டாடி!"