வாட்டம் இல்லாத போர்டிகோ

ஒரு ஊரில் ஒரு போர்டிகோ பிறந்தது. லேசுப்பட்ட பிறப்பா அது? தூண் எழுப்பி, பலகை அடித்து, கம்பி கட்டி, கலவை மெஷின் தெருவையே கிடுகிடுக்க வைத்து, அப்புறம்தான் பிறந்தது. அம்பாசமுத்திரத்துப் பக்கம், ஆவுடையம்மாள் வீட்டு வாசலில்.

பலகையைப் பிரித்த அன்று அதன் முதுகில், தளம் சரிந்திருக்கிறதா என்று பார்க்கிற ரசமட்டம் ஏறி உட்கார்ந்தது. உள்ளே இருக்கிற குமிழி இப்படியும் போகவில்லை, அப்படியும் போகவில்லை. நட்டநடுவில் நின்றது.

"அடேயப்பா!" என்றது ரசமட்டம். "இந்த ஊர்ல நான் ஏறாத மாடி இல்ல. எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் குனிஞ்சுதான் கெடக்கும். உன்ன மாதிரி ஒரு முதுக நான் பாத்ததே இல்ல."

போர்டிகோவுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் யாருக்கும் குனியமாட்டேன்" என்றது.

கீழே வாசல்படியோரம் ஒரு ஜோடி தோல் செருப்பு கிடந்தது. "குனி, குனியாமப் போ. அது உன் பாடு" என்றது செருப்பு. "நான் நனையாமப் பாத்துக்கோ. உன்னக் கட்டுனதே அதுக்குத்தான்."

செருப்பு சொன்னது பொய்யில்லை. அது ஆவுடையம்மாளின் புருஷன் சங்கரலிங்கத்தின் செருப்பு. மனுஷன் போன வருஷம் கண்ணை மூடிவிட்டார். கழற்றிப் போட்ட இடத்திலேயே செருப்பு கிடந்தது. அதை உள்ளே எடுத்து வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. எடுத்து வைத்தால், அவர் இனி வரமாட்டார் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? வெளியே விட்டாலோ மழையில் ஊறி நைந்துவிடும். அதனால்தான் வாசலுக்கு ஒரு போர்டிகோ.

அவள் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். "என்ன மைனி, முகம் வாட்டமா இருக்கே" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், கடித்துக் குதறிவிடுவாள். அந்தத் தெருவில் அந்தச் சொல்லையே யாரும் அவள் முன்னால் எடுப்பதில்லை.

வேலையை எடுத்தவன் காண்ட்ராக்டர் சூசை. இரண்டு வீடு தள்ளி இருப்பவன். சங்கரலிங்கத்தைத் தூக்கிப்போன தோள்களில் ஒன்று அவனுடையது.

தளம் போடுகிற அன்று, கலவை மெஷின் போட்ட சத்தத்தில் அவன் கத்திக் கேட்டான்: "யக்கா! வாட்டம் எந்தப் பக்கம் குடுக்கட்டும்? ரோட்டுப் பக்கமா?"

தண்ணீர் ஓடத் தளத்துக்குக் கொடுக்கிற சரிவைத்தான் அவன் கேட்டான். அவள் காதில் விழுந்தது 'யக்கா'வும் 'வாட்ட'மும் மட்டும். சுர்ரென்று ஏறிவிட்டது.

"வாட்டம்ங்கிற பேச்சே இந்த வீட்டுல இருக்கக் கூடாது தம்பி! சொல்லிட்டேன்!"

வெளியூர்க்காரனாக இருந்தால், 'இந்தம்மாவுக்கு என்ன தெரியும்' என்று தன் பாட்டுக்குச் சரிவு கொடுத்துவிட்டுப் போயிருப்பான். சூசை உள்ளூர்க்காரன். அவள் அழாமல் நின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அக்கா மனசு நோகக் கூடாது என்று தளத்தைத் தட்டையாகவே போட்டுவிட்டான். பாசம் இப்படியும் ஒரு வேலை செய்யும்.

ஐப்பசி பிறந்தது. மழை வந்து போர்டிகோவின் முதுகில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வந்த வேலை முடிஞ்சா கெளம்ப வேண்டியதுதான?" என்றது போர்டிகோ.

"நானும் போகத்தான் பாக்கேன். எந்தப் பக்கம் போவ? மத்த மாடியெல்லாம் கொஞ்சம் சரிஞ்சு, இப்படிப் போ தாயின்னு வழிவிடும். நீ விறைச்சுக்கிட்டுல்லா கெடக்க!"

"எனக்குக் குனிய வராது. நீ இரு. நான் தாங்கிக்கிடுவேன்."

"தாங்குவ, தாங்குவ. நான் ஒரு எடத்துல சும்மா இருக்கிற ஆள் இல்ல பாத்துக்கோ. மேல வழி இல்லேன்னா உள்ள எறங்குவேன்."

போர்டிகோ பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது. அடுத்த மழையையும் தாங்கியது. அதற்கடுத்த மழைக்கு அதன் அடிவயிற்றில் ஒரு ஈரத்திட்டு தெரிந்தது. அப்புறம் ஒரு சொட்டு. அப்புறம் நிற்காமல் சொட்டு. அத்தனையும் நேராகச் செருப்பின் மேல்.

"நனையுதேன், நனையுதேன்!" என்று செருப்பு அலறியது. போர்டிகோவுக்கு அவமானமாக இருந்தது. எதற்காகப் பிறந்ததோ அதைக்கூடச் செய்ய முடியவில்லையே!

கதவைத் திறந்த ஆவுடையம்மாள் செருப்பைப் பார்த்தாள். கையில் எடுத்தாள். ஊறிப் பொதபொதவென்று இருந்தது. தெருவில் இறங்கி நின்று கத்தினாள். "ஏ சூசை! வந்து இத இடிச்சுப் போடு! இப்பவே இடி!"

போர்டிகோவின் கம்பியெல்லாம் நடுங்கியது.

சூசை ஓடிவந்தான். ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கினான். "இடிக்க வேண்டாம்க்கா. மேல ஒரு பூச்சு போட்டு வாட்டம் குடுத்துட்டா தண்ணி தன்னால ஓடிரும்."

"இது தெரிஞ்சுமா இப்படிப் போட்ட?"

"நீங்கதானக்கா சொன்னீய, வாட்டம்ங்கிற பேச்சே இந்த வீட்டுல கூடாதுன்னு!"

அவளுக்குத் தளம் போட்ட அன்றைய மெஷின் சத்தம் ஞாபகம் வந்தது. "அட மடப்பயலே! நான் மூஞ்சியச் சொன்னேம்ல!"

"நான் தளத்தல்லா கேட்டேன்!"

ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையிலிருந்த செருப்பு சொட்டிக்கொண்டே இருந்தது. சிரிக்கச் சிரிக்க அவள் குரல் எங்கோ உடைந்தது. படியில் உட்கார்ந்து, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, தெருவே கேட்க அழுதாள்.

அழாதீங்கக்கா என்று சொல்ல சூசை வாயைத் திறந்தான். என்ன நினைத்தானோ, சொல்லாமல் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டான்.

"இம்புட்டுத் தண்ணிய இவ எங்க வச்சிருந்தா?" என்றது போர்டிகோ.

"நீ என்னைய வச்சிருந்த எடத்துலதான்" என்றாள் மழை.

வெயில் அடித்ததும் சூசை வாட்டம் கொடுத்துப் பூச்சைப் போட்டு, ஓரத்தில் தண்ணீர் விழ ஒரு குழாயும் வைத்தான். ரசமட்டம் ஏறிப் பார்த்தது. குமிழி ஒரு பக்கமாக நழுவியது. "அடப்பாவி, கடைசியில உன்னையும் குனிய வச்சுட்டானுவளே!" என்று அங்கலாய்த்தது. போர்டிகோ சண்டைக்குப் போகவில்லை.

மறுபடி மழை வந்தாள். "வா தாயி, இப்படிப் போ" என்றது போர்டிகோ. தண்ணீர் முதுகோடு ஓடி, ஓரக்குழாய் வழியாகத் தெருவில் கொட்டியது. வாசல்படி காய்ந்து கிடந்தது. செருப்பு அங்கே இல்லை. துடைத்து, வீட்டுக்குள் அவர் படத்துக்குக் கீழே வைத்திருந்தாள்.

மழைக்கு ஒதுங்கப் பூக்காரி பிச்சம்மாள் கூடையோடு போர்டிகோவுக்குள் ஓடிவந்தாள். வந்தவள் வாசலில் நின்ற ஆவுடையம்மாளைப் பார்த்து வாய்தவறிக் கேட்டுவிட்டாள்: "என்ன மைனி, முகம் வாட்டமா இருக்கு?"

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆவுடையம்மாள் அண்ணாந்து ஓரக்குழாயைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்டி" என்றாள். "தண்ணி போகணும்லா?"