முன்னூறு கூடும் ஒரு கைக்கருவியும்

ஆனைக்கல்பாளையம் ரைபிள் சங்கத்தில் அறிவாளிகள் நான்கு பேர் இருந்தார்கள். ஐந்தாவது உறுப்பினரான மேஜர் சிங்காரம் மட்டும் கொஞ்சம் அவசரக்காரர். கூடிப் பேசாமலே ஒரு வேலையைச் செய்து முடித்துவிடுவார். பட்டாளத்தில் பிடித்த பழக்கம். அந்தக் குறையை மற்ற நால்வரும் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்கள். சங்கக் கட்டடம், சுடுகிற மைதானம், துப்பாக்கிகள், டீ போடும் அடுப்பு எல்லாமே மேஜருடையவை என்பதும் ஒரு காரணம்.

நால்வரில் முதல்வர் செயலாளர் செங்கோட்டுவேலு. கடைவீதியில் அவரைக் "குடைக்காரரே" என்பார்கள், குடைக்கடை வைத்திருந்ததால். வீட்டில் "ஏனுங், உங்களத்தான்" என்பார்கள். "செயலாளரே" என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அங்கே அவருக்குக் கைவைத்த நாற்காலி ஒன்றும் இருந்தது. மற்றவர்களுக்குப் பெஞ்சு.

ஏழு வருஷப் பதவிக்காலத்தில் அவர் செய்த சாதனை ஒரு போர்டு. சங்கத்து டீ கெட்டில் ஒருநாள் யார் வீட்டுக்கோ போய்விட்டது. மறுநாளே செங்கோட்டுவேலு சுவரில் எழுதி மாட்டினார்: "எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கவும். இப்படிக்கு, செயலாளர்." கடைசி வார்த்தை மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது.

சங்கத்துக்கு இருபத்தைந்து வருஷம் நிறைந்தது. சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை உருக்கி ஒரு கோப்பை வார்க்கலாம் என்று மேஜர் ஆசைப்பட்டார். முன்னூறு கூடுகள் சேர்ந்திருந்தன. பட்டறைக்காரர் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தோட்டாவின் அடியில் பொட்டு மாதிரி ஒரு சின்ன மூடி இருக்கும். கேப்பு என்பார்கள். துப்பாக்கியின் ஊசி குத்துவது அதைத்தான்; குத்தி வெடித்துவிட்டால் அது செத்த கேப்பு. ஒன்றிரண்டு வெடிக்காத கேப்பு உள்ளே இருந்து உலையில் விழுந்தால் தன் மீசை போய்விடும் என்றார் பட்டறைக்காரர். கேப்பை எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் மேஜருக்குக் கண் ஆபரேஷன். புறப்படும் அவசரத்தில் ஒரு கடிதம் எழுதிச் செயலாளர் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை அதைச் செங்கோட்டுவேலு நின்றுகொண்டே படித்தார். நாற்காலியில் கடிதம் இருந்ததால் உட்கார இடமில்லை.

"கேப்பு எடுக்க நல்ல கைக்கருவியாக ஒன்று வாங்கவும். வாங்குமுன் நாலு பேரும் பிடித்துப் பார்க்கவும். சுத்தியல் கூடவே கூடாது, கூடு நசுங்கும். ஒவ்வொரு கேப்பும் செத்ததுதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளவும். வேலை செய்யும்போது கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளவும். சங்க விதிகளை மீற வேண்டாம். ஞாயிறு காலை வருவேன். முடிந்திருக்கவில்லை என்றால் செயலாளரை மாற்றிவிடுவேன்."

கடைசி வரியை அவர் மூன்று தரம் படித்தார். பிறகு நாற்காலியின் கையை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"ஒரு எழுத்து பிசகக் கூடாதுங்க. அவர் என்ன எழுதியிருக்கிறாரோ அது மட்டும்தான். நம்ம புத்தி ஒண்ணும் இதுல கலக்கக் கூடாது" என்றார்.

மற்ற மூவரும் அந்த நிபந்தனைக்கு உடனே ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு அது சிரமமாகவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை நால்வரும் கோயம்புத்தூர் போனார்கள். துப்பாக்கிச் சாமான் விற்கும் கடையில் கடைக்காரர் மூன்று கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று, இரும்புப் பீடமும் அதில் செருகிக் குத்துகிற கம்பியும். இன்னொன்று, குறடு மாதிரி கைப்பிடி. கூட்டை அதில் மாட்டிக் கையால் அழுத்தினால் உள்ளேயிருந்து ஊசி வந்து கேப்பைத் தள்ளிவிடும். மூன்றாவது, மேசையில் முடுக்கிவைக்கிற பெரிய நெம்புகோல் எந்திரம்.

நால்வரில் கொளந்தவேல் நேராக எந்திரத்துக்குப் போனார். சங்கத்துக்கு அடுத்த கட்டடத்தில் அவருக்கு அரிசி ஆலை. பெரிய இரும்பைக் கண்டால் அவருக்குத் தனி மரியாதை.

"இது கைக்கருவிங்களா?" என்றார் கடைக்காரரிடம்.

"கையாலதாங்க இழுக்கணும்."

"இழுக்கறது கை. ஆனா இது குந்தியிருக்கறது மேசைல. அப்ப இது மேசைக்கருவி. மேஜர் மேசைன்னு எழுதலீங்" என்று டிராயிங் மாஸ்டர் பட்டாபிராமன் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். எந்திரம் நிராகரிக்கப்பட்டது.

கம்பிக்கு வந்தார்கள். "இதை எதால தட்டறதுங்க?" என்று செங்கோட்டுவேலு கேட்டார்.

"சின்ன சுத்தியல் போதும்."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செங்கோட்டுவேலுவின் முகம் வெளிறிவிட்டது. கடிதத்தை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டிச் "சுத்தியல் கூடவே கூடாது" என்ற வரியை விரலால் காட்டினார்.

"கல்லால தட்டலாமுங்களா?" என்றார் கொளந்தவேல். "கல்லைப் பத்தி மேஜர் ஒரு வார்த்தையும் எழுதலையே."

நல்ல யோசனைதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கடையில் கல் கிடைக்கவில்லை. கம்பியும் போயிற்று.

மிச்சம் இருந்தது குறடு. கடைக்காரர் ஒரு பழைய கூட்டை மாட்டி ஒரே அழுத்தில் கேப்பைத் தள்ளிக் காட்டினார். "பாத்தீங்களா, எவ்வளவு லேசு."

"நீங்க பிடிச்சுப் பாக்கணும்னு கடிதத்துல இல்லைங்க. நாங்க நாலு பேரும்தான்" என்று செங்கோட்டுவேலு அதை வாங்கினார்.

கைப்பிடி ஒரு சாண் நீளம். முதலில் செங்கோட்டுவேலு பிடித்தார். அவர் கையின் மேல் கொளந்தவேல் பிடித்தார். கம்பவுண்டர் ஆரோக்கியசாமி கீழ்ப்பக்கமாகக் கை கொடுத்தார். பட்டாபிராமனுக்கு இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரே ஒரு விரலை நுழைத்துவிட்டார். கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு தொலைந்துபோன மாதிரி நால்வரும் கடை நடுவில் நின்றார்கள். வாசலில் இரண்டு பேர் கூடிவிட்டார்கள்.

"எல்லாருக்கும் பிடிபட்டுதுங்களா?" என்று செங்கோட்டுவேலு கேட்டார்.

"எனக்கு ஒரு விரல்தான்" என்றார் பட்டாபிராமன், நேர்மையாக.

"இத்தனை விரல் வேணும்னு கடிதத்துல இல்லை. போதும். இதையே கட்டுங்க."

இப்படியாக, மூன்றில் சரியான கருவியை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அறிவாளிகளுக்கும் எப்போதாவது இப்படி நேர்ந்துவிடும்.

புதன்கிழமை அடுத்த கட்டளை. செத்த கேப்புதானா என்று உறுதி செய்ய வேண்டும். இதற்கு ஆரோக்கியசாமியை விட்டால் ஆள் கிடையாது. முப்பது வருஷம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருந்தவர். தன் ஸ்டெதாஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கூடாக மேசையில் படுக்கவைத்தார்கள். அவர் காதில் மாட்டி, கேப்பின் மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "போயிருச்சுங்" என்பார். பட்டாபிராமன் அந்தக் கூட்டின் மேல் பெயின்டால் ஒரு நம்பர் போட்டு ஓரமாக அடுக்குவார்.

நூற்றிநாற்பத்தேழாவது கூட்டில் ஆரோக்கியசாமி நிமிர்ந்தார்.

"துடிக்குது!"

அடுத்த நொடி மூவரும் வாசல் வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஆரோக்கியசாமி கடமை தவறாதவர். காதில் மாட்டியிருந்ததையும் கழற்றாமல் அவர்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

"நல்லாக் கேட்டீங்களா?"

"தட், தட், தட்னு கேக்குதுங்க. நல்ல பலமான துடிப்பு."

"எத்தனை நாள் தாங்கும்?"

"அது ஆண்டவன் கைல."

செங்கோட்டுவேலு கணக்குப் போட்டார். ஒன்று உயிரோடு இருந்தாலும் வேலை முடியாது. வேலை முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போய்விடும். மரத்தடியில் நின்றபடியே, திங்கட்கிழமை முதல் தன்னை யார் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துப் பார்த்தார். "ஏனுங், உங்களத்தான்" மட்டும்தான் காதில் விழுந்தது.

அன்று கரண்ட் இல்லாமல் நடுப்பகலில்தான் ஓடத் தொடங்கியிருந்த கொளந்தவேலின் ஆலை, ஒரு மணிக்கு வழக்கம்போலச் சாப்பாட்டுக்கு நின்றது. அதுவரை அதிர்ந்துகொண்டிருந்த சுவரும் மேசையும் அடங்கின. ஆரோக்கியசாமி துணிந்து உள்ளே போய் மறுபடி வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு கருவியை மெல்லக் காதிலிருந்து எடுத்தார்.

"ஒரு மணிக்குப் போயிருக்குதுங்க."

நால்வரும் தலை குனிந்து ஒரு நிமிஷம் நின்றார்கள். அப்புறம் ஆலை திரும்ப ஓடுவதற்குள் மீதிக் கூடுகளையும் அவசரமாகக் கேட்டு முடித்தார்கள். ஒன்றுகூட உயிரோடு இல்லை. கொளந்தவேல் மட்டும், தன் ஆலை நிற்கிற நேரம் பார்த்து அது போயிருக்கிறதே, தன்மேல் ஏதாவது மனத்தாங்கலோ என்று வருத்தப்பட்டார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கேப்பு எடுத்தார்கள். கண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பது கட்டளை. கண்ணை மூடிக்கொள்வதைவிடப் பெரிய காப்பு உண்டா? மூவர் இறுக்க மூடிக்கொண்டார்கள்.

"யாராவது தெறந்துட்டா?" என்றார் பட்டாபிராமன், மூடிய கண்ணோடு.

"பாத்துக்க ஒரு ஆள் வேணுமுங்க. ஆரோக்கியம், நீங்க தெறந்து வெச்சுக்கிட்டு எங்க மூணு பேரையும் கவனியுங்க" என்றார் செங்கோட்டுவேலு.

"எங் கண்ணுக்கு யாருங்க காப்பு?"

நியாயமான கேள்வி. கால்மணி நேரம் விவாதித்தார்கள். ஆரோக்கியசாமி கண்ணைத் திறந்துகொண்டு, ஆனால் வெளியே போய், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கவனிப்பது என்று முடிவாயிற்று.

முதல் அழுத்தில் கொளந்தவேலின் கட்டை விரல் மாட்டியது. இரண்டாவதில் பட்டாபிராமனின் கண்ணாடிக் கூடு மாட்டியது. அதில் கேப்பு இல்லை என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் பிடித்தது. இருந்தாலும் கருவி நல்ல கருவி. குருட்டாம்போக்கில் அழுத்தினாலும் டப்பென்று கேப்பைத் தள்ளியது. டீ கிளாசுக்குள், சட்டைப் பைக்குள், கெட்டிலின் மூக்குக்குள் எல்லாம் கேப்புகள் விழுந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முன்னூறும் காலி. கீழே துளையோடு முன்னூறு பித்தளைக் கூடுகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு தகர டப்பா நிறையக் கேப்பு.

செங்கோட்டுவேலு நாற்காலியில் சாய்ந்தார். ஏழு வருஷத்தில் இவ்வளவு சுகமாக அவர் சாய்ந்ததில்லை. அப்படிச் சாய்ந்தபோதுதான் எதிர்ச் சுவர் கண்ணில் பட்டது.

"கடைசிக் கட்டளை என்னங்க?" என்றார்.

பட்டாபிராமன் படித்தார். "சங்க விதிகளை மீற வேண்டாம்."

நால்வரும் போர்டைப் பார்த்தார்கள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கவும். பிறகு தகர டப்பாவைப் பார்த்தார்கள்.

"எங்கிருந்து எடுத்தோம்?" என்றார் கொளந்தவேல் மெதுவாக.

பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"எடுத்ததுக்கு அப்புறம் திரும்ப வெச்சா, எடுத்ததா ஆகுமுங்களா?" என்று ஆரோக்கியசாமி கேட்டார்.

"ஏன் ஆகாது? கெட்டிலை எடுத்தவங்க திரும்பக் கொண்டாந்து வெச்சாங்க. அதுக்காக எடுக்கவே இல்லைன்னு ஆயிருமா?" என்றார் செங்கோட்டுவேலு. "அதோட, இது எம் பேர் போட்ட விதி. நானே மீறினா அப்புறம் இந்த நாற்காலில எந்த முகத்தோட உக்காருவேன்?"

சனிக்கிழமை காலை முழுக்க அந்த வேலை. எந்தக் கேப்பு எந்தக் கூட்டுடையது என்ற பிரச்சினை வந்தது. கூட்டில் நம்பர் இருந்தது, கேப்பில் இல்லை. நூற்றிநாற்பத்தேழாம் நம்பர்க் கேப்பை மட்டும், ஒரு தடவை கேட்ட முகம் மறக்காது என்று ஆரோக்கியசாமி அடையாளம் காட்டினார். கொளந்தவேல் ஆலையிலிருந்து ஒரு நல்ல கருங்கல் கொண்டுவந்தார். அந்தக் கல்லால் தட்டித் தட்டி முன்னூறையும் பழைய இடத்தில் இறுக்கினார்கள். சுத்தியலை யாரும் தொடவில்லை.

பிற்பகல் இரண்டு மணி பஸ்ஸில் நால்வரும் எங்கேயோ போய்த் திரும்பினார்கள்.

ஞாயிறு காலை ஒரு கண்ணில் கட்டோடு மேஜர் வந்தார். செங்கோட்டுவேலு கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றார். மேஜர் ஒரு கூட்டை எடுத்துத் திருப்பினார். இன்னொன்று. இன்னொன்று.

"கேப்பு எடுக்கவே இல்லையாய்யா?"

"முன்னூறும் எடுத்தாச்சுங்க மேஜர்."

"எங்கே?"

செங்கோட்டுவேலு பணிவோடு போர்டைக் காட்டினார். மேஜர் ஒற்றைக் கண்ணால் அதைப் படித்தார். படித்து முடித்த பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. அந்தக் கருவியைக் கொடு. நானே எடுத்துக்கறேன்."

நால்வரும் மறுபடி போர்டைப் பார்த்தார்கள்.

"கருவி எங்கேன்னு கேக்கறேன்."

"எடுத்த இடத்துலயே வெச்சாச்சுங்க" என்றார் செங்கோட்டுவேலு. "கோயம்புத்தூர்ல. அந்தக் கடைல ரெண்டாவது கண்ணாடித் தட்டு, இடது ஓரம். கடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தாருங்க. அவரைத் தொந்தரவு பண்ணாம நாங்களே வெச்சிட்டு வந்துட்டோம்."

மேஜர் கையைப் பின்னால் நீட்டி ஏதாவது பிடிமானம் தேடினார். கிடைத்தது செயலாளர் நாற்காலி. அதில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் கவலை வேண்டாமுங்க" என்றார் பட்டாபிராமன். "இன்னொரு கருவி வாங்கிடலாம். செயலாளரை மட்டும் மாத்தாதீங்க. கைக்கருவி தேர்ந்தெடுத்த அனுபவம் இந்த ஊர்ல அவர் ஒருத்தருக்குத்தான் இருக்குது."

மற்ற இருவரும் கை தூக்கி ஆதரித்தார்கள். செங்கோட்டுவேலுவின் கண் கலங்கியது.

மேஜர் மிச்சமிருந்த ஒரு கண்ணையும் மெல்ல மூடிக்கொண்டார்.

"வேலையை ஆரம்பிச்சுட்டாருங்க!" என்று செங்கோட்டுவேலு பரபரப்பாகக் கிசுகிசுத்தார். உடனே அவரும் கொளந்தவேலும் பட்டாபிராமனும் இறுக்கக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆரோக்கியசாமி கண்ணை நன்றாக விரித்துக்கொண்டு, வெளியே போய், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று நாலு பேரையும் கவனிக்க ஆரம்பித்தார்.