வேட்டித் தட்டா, சேலைத் தட்டா?

என் பெயர் சகாயம். வயது இருபத்துமூன்று. டப்ளினில் ஓட்டல் சமையல்கட்டில் வேலை. ஊரிலிருக்கும் அம்மாவுக்கு நான் அனுப்பிய செய்தி இது. அம்மா, நான் சொல்லச் சொல்ல இந்த போன் எழுதுகிறது, தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா கல்யாணத்துக்கு என்னோடு வரும் கனி ஆணா, பெண்ணா, மரியாதைத் தட்டில் வேட்டி வைக்கவா, சேலை வைக்கவா என்று கேட்டீர்கள். ஒரு வருஷமாகக் கனியோடு வேலை செய்தும் எனக்கே தெரியவில்லை. தெரிந்தது ஒரு கதைதான்.

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். பக்கத்து நாட்டிலிருந்து ‘பவளம் என்னும் தூதர் நாளை வருகை’ என்று ஓலை வந்தது. ஆணுக்குப் பட்டு வேட்டி, பெண்ணுக்குப் பட்டுச் சேலை கொடுத்து வரவேற்பது அரண்மனை வழக்கம். பவளம் யார்? சபையே குழம்பியது.

“என் மாமா பேரு பவளம்!” என்றார் ஒருவர்.

“என் மாமியார் பேரும் அதுதான்!” என்றார் இன்னொருவர்.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. “வந்தவங்களைக் கேட்டா அவமானம். யாரும் ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது. ஆனா மரியாதையும் தப்பக் கூடாது!”

துணிக்கிடங்குத் தலைவர் வீரபாகுவுக்கு விகடகவி சடையாண்டியைக் கண்டாலே ஆகாது. “மகாராஜா, இதுக்குச் சடையாண்டிதான் சரி. தப்பு நடந்தா அவனை நாடு கடத்திடலாம்” என்றார்.

“அப்படியே ஆகட்டும்” என்றார் ராஜா.

மறுநாள் சடையாண்டி காலித் தட்டோடு கோட்டை வாசலில் நின்றார். தூதர் பல்லக்கிலிருந்து இறங்கினார். முண்டாசு, முகத்தை மூடிய துணி, நீள அங்கி. பார்த்தவர்களுக்கு இன்னும் குழப்பம்.

“வணக்கமுங்க. நான் சடையாண்டி. பட்டு கட்டினா எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பருத்தி வேட்டி கொடுத்தா சந்தோஷமா வாங்கிக்குவேன்” என்றார்.

தூதர் சிரித்துவிட்டார். “நான் பவளம். எனக்கு வேட்டியும் வேணாம், சேலையும் வேணாம். வழியெல்லாம் குளிருங்க, ஒரு கம்பளிச் சால்வை போதும்.”

சால்வை வந்தது. தூதர் மகிழ்ந்து போர்த்திக்கொண்டார்.

“கேட்டுட்டான் மகாராஜா!” என்று குதித்தார் வீரபாகு.

“நான் எங்கய்யா கேட்டேன்? என்னைப் பத்திச் சொன்னேன். அவங்களைப் பத்தி அவங்க சொன்னாங்க.”

ராஜா குனிந்து கிசுகிசுத்தார். “அது சரி, ஆணா, பெண்ணா?”

“தெரியாது மகாராஜா. வரவேற்கத்தானே சொன்னீங்க, கண்டுபிடிக்கச் சொல்லலையே!”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிஞ்சிய வேட்டியைச் சடையாண்டிக்கும், சேலையை அவர் மனைவிக்கும் கொடுத்தார். பட்டு வேட்டியைக் கட்டி, உடம்பைச் சொறிந்துகொண்டே சடையாண்டி வீடு போனார்.

அம்மா, கனி நம் வாசலுக்கு வரும்போது தட்டு காலியாகவே இருக்கட்டும். முதலில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அப்பாவும் சித்தப்பாவும் கனியை ‘அவங்க’ என்றே சொல்லட்டும். எதுவும் கேட்க வேண்டாம்.