படகுக்குள் ஒரு கடல்

கடலைத் தான்தான் ஆளுவதாக நினைத்துக்கொண்டிருந்த சின்ன ராஜ்யம் ஒன்று இருந்தது. முத்துமுனை என்று பெயர். கடலுக்கு அந்த விஷயம் தெரியாது.

அதன் அரசர் கதிர்வேந்தரிடம் அழகான பாய்மரப் படகு ஒன்று இருந்தது. தேக்குப் பலகை, பட்டுப் பாய், முனையில் அன்னத்தின் தலை. அவ்வளவு அழகைத் தண்ணீரில் போட அவருக்கு மனம் வரவில்லை. அரண்மனை வாசலில், வெயிலில் நிறுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். துறைமுக அதிகாரி உலகளந்தார் அதைத் தினமும் துடைத்து மினுக்கினார். வெளியே பளபளப்பு ஏற ஏற, உள்ளே மரம் காய்ந்து சுருங்கியது. பலகைகளுக்கு நடுவே மயிரிழை போல இடைவெளி விழுந்தது.

கடலையே பார்த்திராத மலைநாட்டரசர் விருந்துக்கு வந்தார். மறுநாள் அந்தப் படகில் அவரைத் தீவுவரை அழைத்துப் போவதாக அரசர் வாக்குக் கொடுத்துவிட்டார். உலகளந்தார் ஓசைப்படாமல் படகைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார். கசிந்தது. ஓசைப்படாமல் கரையேற்றிவிட்டு நேரே சபைக்குப் போனார்.

"அரசே, நம் குழைக்காதர் உங்கள் படகைப் பல்லக்கு என்று கேலி பேசுகிறாராம். அவ்வளவு தெரிந்தவர், நாளைக்குப் படகை அவரே கவனித்துக்கொள்ளட்டுமே!"

குழைக்காதர் அந்தச் சபையின் விகடப் புலவர். அவர் கேலி செய்யாத பொருள் அங்கே அவருடைய வழுக்கை ஒன்றுதான். அதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அரசரின் முகம் சிவந்தது. "அப்படியா? குழைக்காதரே, நாளை படகு உம் பொறுப்பு. என் விருந்தாளி முன்னால் ஒரு துளி தண்ணீர் உள்ளே வந்தாலும் நீர் இந்த நாட்டில் இருக்கக் கூடாது."

"உத்தரவு, அரசே."

சொல்லிவிட்டாரே தவிர, வெளியே வந்ததும் நேரே கடற்கரையில் போய் உட்கார்ந்துவிட்டார். மனைவியின் சாம்பலைக் கரைத்த கடல் இது. வேறு ஊருக்குப் போய் எந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவது?

எழுந்து போய், படகைத் துறையில் இறக்கி, படகு கட்டும் ஓடாவியைக் கூப்பிட்டார். ஓடாவி பஞ்சையும் குங்கிலியத்தையும் வைத்து இடுக்குகளை அடைத்தார். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் கசிந்தது.

"இது காய்ந்த மரம், ஐயா. நாலு நாள் தண்ணீரில் ஊறினால் பலகை உப்பித் தானே மூடிக்கொள்ளும்."

"நாலு நாளில் நான் எந்த ஊரில் இருப்பேனோ!"

"கொஞ்சக் கசிவுதான். இறைத்துக்கொண்டே போனால் முழுகாது."

"படகு முழுகாது. நான் முழுகிவிடுவேன்."

குழைக்காதர் வெகுநேரம் அந்தக் கசிவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "உள்ளே தரையாகப் பரப்பியிருக்கும் நடுப்பலகையைக் கழற்றுங்கள். நாலு குடம் கடல் தண்ணீர் கொண்டுவந்து உள்ளே ஊற்றுங்கள்" என்றார்.

"கசிகிற படகில் நாமே தண்ணீர் ஊற்றுவதா?"

"கடல் செய்யப்போகிற வேலையை நான் முந்திக்கொள்கிறேன்."

மறுநாள் காலை அரசர்கள் இருவரும் ஏறினார்கள். வேடிக்கையைத் தவறவிடக் கூடாதென்று உலகளந்தாரும் ஏறினார். படகின் வயிற்றில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் வரிவரியாய்க் குட்டி மீன்கள் ஓடின. அடியில், தலை மட்டும் வெளியே தெரியும் பெரிய சங்குகள்.

"அடடா, படகுக்குள் மீனா!" என்றார் மலைநாட்டரசர்.

"மகாராஜா கடல் பழகாதவர். பெரிய கடலைப் பார்த்து மிரளக் கூடாதே! பழகிக்கொள்ளச் சின்னதாக ஒன்று வைத்தேன்" என்றார் குழைக்காதர்.

உலகளந்தார் துள்ளினார். "அரசே, தண்ணீர் உள்ளே வந்துவிட்டது!"

"வரவில்லை. நான் கூட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் ஏறும்போதே இருந்ததே, காலை நனைத்துக்கொண்டுதானே ஏறினீர்கள்?"

அரசர் மீசையைத் தடவினார். படகு நகர்ந்தது.

பாதி வழியில் உலகளந்தார் மறுபடியும் கத்தினார். "பாருங்கள், தண்ணீர் ஏறுகிறது! சங்கெல்லாம் மூழ்கிவிட்டது!"

"கடல் என்றால் ஏற்றம் இருக்காதா? துறைமுக அதிகாரி கேட்கிற கேள்வியா இது?" குழைக்காதர் ஒரு செம்பை எடுத்து, மீனை விலக்கி, மளமளவென்று தண்ணீரை வெளியே இறைத்தார். சங்குகள் மெல்லத் தலைகாட்டின. "இதோ, வற்றமும் ஆயிற்று."

மலைநாட்டரசர் குழந்தை மாதிரி கைதட்டினார். "இன்னொரு தடவை ஏற்றம் காட்டுங்கள்!"

"அது தானாகவே வரும், மகாராஜா."

வந்தது. கதிர்வேந்தரின் பட்டு வேட்டி நுனி நனைந்தது. அவருக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"எங்கள் ஏரியிலும் ஒரு படகு இருக்கிறது" என்று பெருமூச்சு விட்டார் மலைநாட்டரசர். "உள்ளே வெறும் காய்ந்த பலகை. யார் இந்தப் படகைப் பராமரிப்பது?"

குழைக்காதர் செம்பைக் கீழே வைத்துக் கைகூப்பினார். "புகழெல்லாம் உலகளந்தாருக்கே. நான் மீனைத்தான் விட்டேன். படகை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது அவர்தான்."

"ஐயையோ, நான் ஒன்றும் செய்யவில்லை!"

"பார்த்தீர்களா அடக்கத்தை!" என்றார் மலைநாட்டரசர். "கதிர்வேந்தரே, இவரை எனக்குக் கொடுங்கள். எங்கள் படகும் இதுபோல ஆகும்வரை எங்கள் நாட்டிலேயே இருக்கட்டும்."

"தாராளமாக!" அரசர் அதற்குமேல் அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். படகே ஆடியது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குழைக்காதரே, கேளும்! என்ன பரிசு வேண்டும்?" என்றார்.

குழைக்காதர் குனிந்த தலை நிமிராமல் இறைத்துக்கொண்டே இருந்தார்.

"கரை, அரசே. கொஞ்சம் சீக்கிரமாக. எனக்கு நீச்சல் தெரியாது."