கரிச்சானின் வால் பிளந்த கதை

அந்தக் காலத்தில் பறவைகளும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டும், பக்கத்துக் கூட்டில் என்ன இரை என்று எட்டிப் பார்த்துக்கொண்டும் இருந்தன. கரிச்சானுக்கு அப்போது வால் பிளந்திருக்கவில்லை. விசிறி மாதிரி ஒரே வால்தான்.

ஏரிக்கரைத் தோப்புக்குப் பருந்துதான் தலைவர். யாரும் கூடிப் பேசி வைக்கவில்லை. எல்லாரையும்விட உயரத்தில் பறக்கிறேன், அதனால் நான்தான் தலைவன் என்று அவரே சொல்லிக்கொண்டார். பாம்பும் காக்கையும் அண்டாமல் பார்த்துக்கொள்வாராம். அதற்குக் கூட்டுக்கு ஒரு குஞ்சு கொடுத்துவிட வேண்டுமாம். விடிந்ததும் அவர் வானத்தில் வட்டம் போடுவார். எல்லாரும் கிளைக்கு வந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து வணக்கம் வைப்பார்கள்.

மையாத்தா என்ற கரிச்சான் அந்த வருஷம்தான் அங்கே வேலமரத்தில் கூடு வைத்தாள். குஞ்சுகளுக்கு இறகு முளைத்த அன்றைக்கே பருந்து வந்து இறங்கினார்.

"எடு என் பங்கை."

"எதுக்குங்க பங்கு? போன வாரம் கொம்பேறிமூக்கன் பாம்பு இந்தக் கிளை வரைக்கும் வந்துச்சு. நானும் என் வீட்டுக்காரருமாக் கொத்தி விரட்டினோம். அப்ப நீங்க எங்கே இருந்தீங்க?"

"மேலே இருந்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

"பார்த்தீங்கல்ல? அது போதும். கிளம்புங்க."

பருந்து நகத்தை நீட்டினார். மையாத்தா அவர் கண்ணுக்கு நேரே பாய்ந்தாள். அவர் சட்டென்று பின்வாங்கி, தோப்புக்கே கேட்கிற மாதிரி சிரித்தார்.

"சரி, உன் குஞ்சு எனக்கு வேண்டாம். நாளைக் காலையில் மணிப்புறா வீட்டில் இரண்டாக எடுத்துக்கொள்கிறேன்."

மணிப்புறாவுக்கு இருந்ததே இரண்டு குஞ்சுதான்.

அவர் போனதும் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து பிடித்துக்கொண்டன. "நேத்து வந்தவளுக்கு என்னடி இவ்வளவு வாய்? நாங்க எல்லாம் குடுத்துட்டுச் சும்மா இல்லையா?"

மணிப்புறா கத்தக்கூட இல்லை. "அக்கா, உன் புள்ளை தப்பிச்சிடுச்சு. என் புள்ளைங்க போகப் போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தவிட்டுக்குருவிகளின் ஏச்சை மையாத்தா காதில் வாங்கவில்லை. புறா சொன்னதுதான் முள்ளாகத் தைத்தது. தன் குஞ்சுக்காகச் சண்டை போட்டதில் என்ன பெருமை? கோழிகூடத்தான் போடும்.

விடிந்ததும் புருஷனை எழுப்பினாள். "கூட்டைப் பார்த்துக்கோங்க. நான் புறா வீடு வரைக்கும் போயிட்டு வரேன்."

"திரும்பி வருவியா?"

"வராம? நீங்க ஊட்டுனா குஞ்சுங்க பட்டினிதான்."

பருந்து புறாவின் மரத்தைப் பார்த்துச் சரிந்து இறங்கினார். எல்லாரும் கிளைகளில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மையாத்தா மட்டும் எழும்பினாள். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை, பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பியும் பார்க்கவில்லை. நேரே மேலே போனாள்.

பருந்தின் நகம் அவள் வாலைக் கவ்வியது. அப்படியே மாட்டிக்கொண்டிருந்தால் செத்தாள். "வாலை வெச்சுக்கோ!" என்று கத்திக்கொண்டே முன்னால் உந்தினாள். நடுவிறகுகள் பிய்ந்துபோய், வால் இரண்டாகப் பிளந்தது. அவள் நழுவி, ஒரே எம்பில் பருந்துக்கும் மேலே ஏறிவிட்டாள்.

அங்கே பார்த்தால், பருந்தின் பிடரி! அவன் அலகும் எட்டாது, நகமும் எட்டாது. தோப்பே அவனைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்ததே தவிர, மேலிருந்து ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை. அங்கேயே உட்கார்ந்து கொத்தினாள். கொத்து என்றால் அப்படி ஒரு கொத்து!

முதலில் எழும்பியது மணிப்புறாதான். ஒருநாளும் சண்டைக்குப் போகாதவள், சிறகாலேயே அறைந்தாள். அதைப் பார்த்ததும் தவிட்டுக்குருவிகள் காட்டுக்கத்தலாகக் கத்திக்கொண்டு கிளம்பின. தோப்பே மேலே ஏறிவிட்டது. பருந்து ஏரியைத் தாண்டிப் போனவன் அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் மணிப்புறா வேலமரத்தில் குச்சி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். தவிட்டுக்குருவிகளும் மூட்டை முடிச்சோடு வந்தன. "இனிமே நீதான் எங்க தலைவி."

"தலைவியாவது ஒண்ணாவது! புழு தேடவே எனக்கு நேரம் பத்தலை. இடம் வேணும்னா தாராளமா இருங்க. வணக்கம் கிணக்கம் வெச்சீங்க, கொத்திப்புடுவேன்."

தையல்சிட்டு அவள் வாலைப் பார்த்துப் பதறியது. "அக்கா, நூல் கொண்டுவந்திருக்கேன். ஒட்டுப்போட்டுத் தெச்சுடட்டுமா?"

மையாத்தா திரும்பித் தன் வாலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

"வேண்டாம் கண்ணு, இப்படியே இருக்கட்டும். அவன் எந்த உயரத்துல பறந்தாலும், அடையாளம் தெரிஞ்சு ஒதுங்கிப் போகணும்."

அன்றைக்குப் பிளந்த வாலைத்தான் கரிச்சான் இன்றைக்கும் இரண்டாக விரித்துக் காட்டிக்கொண்டு திரிகிறது. அதன் மரமாகப் பார்த்துத்தான் புறாவும் குருவியும் யாரும் கூப்பிடாமலேயே வந்து கூடு கட்டுகின்றன. பருந்தோ, அந்த மரம் வந்தால் இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் போகிறது.